பொத்தானைத் தட்டுவதும் ஒரு விளையாட்டா?

"திரையில் ரெண்டு பொம்மை அடிச்சுக்குது, இதில் என்ன சார் இருக்கு?" நம் வயதுக்காரர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. விடுமுறைக்கு ஏற்காடு வந்த பேரப்பிள்ளைகள் ஏரிப் பக்கம்கூட எட்டிப் பார்க்காமல் சண்டை வீடியோ கேமில் மூழ்கிக் கிடந்தால் கேள்வி கோபமாகிவிடுகிறது. இவற்றில் வெறும் பொழுதுபோக்கும் உண்டு, உண்மையான போட்டி விளையாட்டும் உண்டு. பிரித்துப் பார்க்கத்தான் ஓர் அளவுகோல் வேண்டும்.

குமாஸ்தா புத்தி, முதலில் அரசு என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2022 டிசம்பரில் மத்திய அரசு இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுத் துறையின் பொறுப்பில் சேர்த்தது. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் மூன்று கட்டாகக் கட்டி வைத்துவிட்டது: இ-ஸ்போர்ட்ஸ், பொழுதுபோக்கு ஆட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டம். மூன்றாவதற்குத் தடை, நல்ல காரியம். முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரிய வேண்டுமென்றால் ஆட்டத்தையே பார்க்க வேண்டும்.

கை விரலை ஒடிக்கிற ஆட்டம்தான் உசத்தி என்று சில பையன்கள் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் பெத்தாங் பார்த்து வளர்ந்தவன் நான். இரும்புக் குண்டை மரக்குண்டுக்குப் பக்கத்தில் போட வேண்டும், 13 புள்ளி எடுத்தால் வெற்றி. ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனாலும் 1959 முதல் அதற்கு உலகப் போட்டி நடக்கிறது. கற்பது சுலபம் என்பதற்காக எந்த ஆட்டமும் தரம் குறைந்துவிடாது. 2023-இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' இதையே செய்தது. வித்தைகளை ஒரே பொத்தானில் போடும் வசதி கொடுத்துவிட்டு, அப்படிப் போட்டால் அடியின் பலத்தைக் குறைத்துவிட்டது. சலுகை உண்டு, பிடித்தமும் உண்டு!

அப்படியானால் எது அளவுகோல்? தோற்றவன் "ஏன் தோற்றேன்?" என்று கேட்டால் ஆட்டம் பதில் சொல்ல வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஒரு நொடிக்கு 60 படங்கள். ஒரு குத்து கிளம்ப எத்தனை படம், கை திரும்ப எத்தனை படம் என்பதெல்லாம் சம்பளப் பட்டியல் மாதிரி நிலையான கணக்கு. தோற்றவன் பதிவைப் போட்டுப் பார்த்து, தவறிய இடத்தைக் கண்டுபிடிக்கலாம்.

நிண்டெண்டோவின் 'ஸ்மாஷ் பிரதர்ஸ்' வேறு ரகம். குண்டும் சுத்தியலும் தானாக வந்து விழும். கைக்குக் கிடைத்தவன் பிழைத்தான். 2001-இல் வந்த ஆட்டத்தில் போட்டிக்காரர்கள் அந்தப் பொருள்களை எல்லாம் நிறுத்திவிட்டு ஆடினார்கள். அதே ஆட்டம் போட்டியாகிவிட்டது. 2008 பதிப்பில் ஓடும் பாத்திரம் காரணமில்லாமல் தடுக்கி விழும்படி வைத்தார்கள். பலர் பழையதற்கே திரும்பினார்கள். அடுத்த பதிப்பில் அந்தத் தடுக்கல் போயே போய்விட்டது. நம் ஏரிப் படகும் இப்படித்தானே? மற்ற நாளில் உல்லாசம். கோடை விழாவில் கோடு போட்டு விட்டால் பந்தயம்.

2004-இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு போட்டி இன்றும் பேசப்படுகிறது. ஜப்பானின் டைகோ உமெஹாராவுக்கு உயிர் ஒரு மயிரிழை பாக்கி. வெறுமனே தடுத்தாலே அந்த மிச்சமும் போய்விடும். எதிராளி ஜஸ்டின் வாங் தொடர்ந்து 15 அடிகள் விடுகிறார். உமெஹாரா பின்வாங்கவில்லை. ஒவ்வொரு அடி விழும் கணத்திலும் அடியை நோக்கியே கட்டையைத் தட்டி, பதினைந்தையும் தள்ளிவிட்டுத் திருப்பி அடித்து வென்றார். அதிர்ஷ்டம் பதினைந்து முறை வராது, சாதகம்தான் வரும்.

இது சின்னப் பையன்கள் சமாசாரம் என்றும் நினைக்க வேண்டாம். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டரில் தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. நம் நாட்டிலிருந்தும் இருவர் போய் ஆடினார்கள்.

இதற்காகப் பொழுதுபோக்கு ஆட்டத்தை மட்டம் தட்டக் கூடாது. தாயக்கட்டையில் அதிர்ஷ்டம் இருப்பதால்தான் ஆறு வயதுப் பேத்தி பாட்டியை ஜெயிக்கிறாள், வீடே சிரிக்கிறது. குடும்பத்துக்கு அந்த ஆட்டமும் வேண்டும். ஆனால் தாயம் ஆடிவிட்டு "பயிற்சி செய்கிறேன்" என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

எனவே நண்பர்களே, பேரனிடம் "எத்தனை மணி நேரம் ஆடினாய்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "நேற்று ஏன் தோற்றாய்?" என்றும் கேளுங்கள். "நெட் சரியில்லை தாத்தா" என்று மட்டும் சொன்னால் போனை வாங்கி வைத்துவிட்டு ஏரிக்குக் கூட்டிப் போங்கள். "அவன் காலைத் தூக்கினதும் நான் அவசரப்பட்டுட்டேன், இன்னிக்கு அதைத்தான் திருத்தறேன்" என்று சொன்னால், கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அவன் படித்துக்கொண்டிருக்கிறான்.