எதிரே உட்கார வைத்துக் கேள்!

சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியை நாம் மறக்க முடியாது. 1992 ஜூன் 20இல் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து ஊரைச் சூறையாடின. 18 பெண்கள் வன்புணரப்பட்டார்கள். சொன்னபோது 'பொய்' என்றது அரசு. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்திலிருந்து நேரில் வந்து, எதிரே உட்கார்ந்து கேட்ட பிறகுதான் வழக்குக்கு உயிர் வந்தது. 2011இல் 215 பேருக்குத் தண்டனை. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

நேர்ல கேக்குறது வேற, காகிதத்துல படிக்கிறது வேற.

ஈழத்திலிருந்து படகேறி ஆஸ்திரேலியா போன தமிழர்களைக் கேளுங்கள். 2012 ஆகஸ்டுக்குப் பிறகு போய்ப் புகலிடம் மறுக்கப்பட்டவர்களின் கோப்புகளை மறுபரிசீலிக்க 2015இல் தனி அமைப்பு வைத்தார்கள். பெரும்பாலும் ஆளைக் கூப்பிடவே இல்லை. முதல் விசாரணையில் சொல்லாததைப் பிறகு சொன்னால், விசேஷக் காரணம் காட்டணும். வதைபட்ட பெண் முதல் நாளே முன்பின் தெரியாத அதிகாரியிடம் எல்லாத்தையும் கொட்டிடுவாளா? 2024 அக்டோபரில் அதைக் கலைத்துப் புதுத் தீர்ப்பாயம் வைத்தார்கள். பழைய மறுப்புகள் தானாக மாறிவிடவில்லை.

அங்கேயாவது மேல்முறையீடு. இங்கே? 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்தே போடவில்லை. அகதிச் சட்டமில்லை, தீர்ப்பாயமுமில்லை. 1983 முதல் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் முகாமில்தான். 2019 குடியுரிமைத் திருத்தமும் அவர்களைக் கைவிட்டது.

தோழர்களே, வாச்சாத்தியை நம்பாத அதே அதிகாரம்தான் அகதியையும் நம்ப மறுக்கிறது. அகதிகளுக்குச் சட்டம் வேண்டும். ஆளை நேரில் கேட்கும் தீர்ப்பாயம் வேண்டும். இது நம்ம கோரிக்கையும்தான்.