அநீதி இழைத்தவனுக்கு மட்டும் இனிக்கும் கிருபை

மறைமலைநகரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய மண்டபம் ஒன்றில் நடந்த சிறப்புக் கூட்டத்தில் ஒரு போதகர் கிருபையைப் பற்றிப் பேசினார். பேச்சு பலருக்கும் பிடித்துவிட்டது. அதன் பதிவு இன்றும் கைப்பேசிக்குக் கைப்பேசி போய்க்கொண்டிருக்கிறது. அவர் சொன்னதன் சாரம் இது: சிலுவையில் நம் கடந்தகாலப் பாவம், நிகழ்காலப் பாவம், எதிர்காலப் பாவம் எல்லாமே மன்னிக்கப்பட்டுவிட்டன. ஆகவே விசுவாசி மறுபடியும் பாவ அறிக்கை செய்தால், சிலுவை போதவில்லை என்று சொன்னதாக ஆகும். மனந்திரும்புதல் அவிசுவாசிக்கு உரியது. தினந்தோறும் போராடி நிலைத்திருக்க வேண்டும் என்பது நியாயப்பிரமாணத்தின் நுகம். ஞாயிறுதோறும் முழங்காலில் நின்று பாவ அறிக்கை ஜெபம் சொல்லும் பழைய சபைகள் ஜனங்களை அடிமைகளாக வைத்திருக்கின்றன.

அவர் பெயர் இங்கே தேவையில்லை. இதே உபதேசம் கூடுவாஞ்சேரியிலும் செங்கல்பட்டிலும் வேறு வாய்களில் இருந்தும் வருகிறது. உபதேசத்துக்குத்தான் பதில் வேண்டும். இது பொய்யான உபதேசம். அநீதி செய்தவனின் முதுகைத் தட்டிக்கொடுத்து, அநீதிக்கு ஆளானவனை வாசலுக்கு வெளியே நிறுத்துகிற உபதேசம்.

அவர் பேச்சில் ஒரு பாதி உண்மை என்பதை மறுக்க மாட்டேன். இரட்சிப்பை யாரும் சம்பாதிக்க முடியாது. உபவாசத்தாலோ காணிக்கையாலோ கண்ணீராலோ தேவனைக் கடன்காரர் ஆக்க முடியாது. ஆராதனைக்கு ஒரு வாரம் வராதவரைப் பயமுறுத்தியும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தாயின் பாவத்தைத் தோண்டியும் பிழைத்த ஊழியர்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. அவர்களிடம் அடிபட்டவர்களுக்குக் கிருபை என்ற வார்த்தை கேட்டதுமே கண் கலங்குகிறது. அந்தக் கண்ணீரை மதிக்கிறேன். அதைக் கருவியாக்கிக்கொண்டு வேதத்தின் பாதியைக் கத்தரித்து எறிவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பாவங்களை அறிக்கையிடுவதைப் பற்றி யோவான் தன் முதல் நிருபத்தின் முதல் அதிகாரம் ஒன்பதாம் வசனத்தில் எழுதியது சபைக்குள் புகுந்த வேற்று உபதேசக்காரர்களுக்கு, விசுவாசிகளுக்கு அல்ல என்கிறார் போதகர். அப்படியானால் யோவான் அந்த வசனத்தில் தன்னையும் சேர்த்து 'நாம்' என்று எழுதுவானேன்? அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே 'என் பிள்ளைகளே' என்று அழைத்து, பாவம் செய்தால் நமக்காகப் பரிந்து பேசுகிறவர் பிதாவினிடத்தில் இருக்கிறார் என்று தேற்றுவானேன்? வேற்று உபதேசக்காரனை எந்த அப்போஸ்தலனும் அப்படி மடியில் வைத்துக் கொஞ்சவில்லை. ஒரு வசனத்தை மட்டும் தனியே பிய்த்து எடுத்து, முன்னும் பின்னும் வாசிக்காமல் அதன்மேல் மண்டபம் கட்டியிருக்கிறார்.

கடன்களை மன்னிக்கும்படி கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபம் சிலுவைக்கு முந்தியது, ஆகவே பழைய உடன்படிக்கையைச் சேர்ந்தது என்பது அவருடைய அடுத்த வாதம். கேட்கும்போது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும். சிலுவைக்குப் பிந்திய பேச்சுக்கே வருவோம். மரித்து, உயிர்த்து, பரமேறிய கிறிஸ்து சின்ன ஆசியாவின் ஏழு சபைகளுக்குச் சொல்லி அனுப்பியதை வெளிப்படுத்தின விசேஷத்தின் இரண்டு, மூன்றாம் அதிகாரங்கள் வைத்திருக்கின்றன. எபேசு, பெர்கமு, தியத்தீரா, சர்தை, லவோதிக்கேயா என்று அந்த ஏழில் ஐந்து சபைகளைப் பார்த்து அவர் மனந்திரும்பச் சொல்கிறார். எபேசு சபை உழைத்த சபை, பொல்லாதவர்களைச் சகிக்காத சபை. அதற்கும் அதே கட்டளை. லவோதிக்கேயாவைக் கண்டிக்கும்போது, தான் நேசிக்கிறவர்களையே கடிந்துகொள்வதாகக் காரணமும் சொல்கிறார். மனந்திரும்புதல் அவிசுவாசிக்கு மட்டும்தான் என்றால், இந்த ஐந்து சபைகளுக்கும் போன கடிதங்கள் தவறான முகவரிக்குப் போய்விட்டனவா?

மனந்திரும்புதல் தேவனுக்கும் எனக்கும் இடையிலான தனி விவகாரம், அதை அவர் சிலுவையிலேயே முடித்துவிட்டார் என்று இந்த உபதேசம் நினைக்கிறது. பாவம் பெரும்பாலும் மூன்றாவது ஆள் ஒருவரின் மேல்தான் விழுகிறது. கூலி குறைக்கப்பட்டவன் ஒருவன் இருக்கிறான். பொய்ச்சாட்சியால் வீட்டை இழந்தவள் ஒருத்தி இருக்கிறாள். எனக்கும் தேவனுக்கும் கணக்கு தீர்ந்துவிட்டது என்று நான் மண்டபத்தில் கைதட்டிப் பாடிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் இழந்தது இழந்ததாகவே இருக்கிறது. சகேயுவின் வீட்டுக்குள் இயேசு நுழைந்தபோது நிபந்தனை எதையும் போடவில்லை. ஊரார் முறுமுறுக்க முறுமுறுக்க உள்ளே போனார். அதுதான் கிருபை, முந்திக்கொண்டு வந்த கிருபை. அந்தக் கிருபை சகேயுவை என்ன செய்தது? சொத்தில் பாதியை ஏழைகளுக்கு எழுதவைத்தது. அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பவைத்தது. அதைக் கேட்ட பிறகுதான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு அறிவித்தார். 'சகேயுவே, உன் எதிர்காலப் பாவமும் மன்னிக்கப்பட்டது, பழையதைக் கிளறாதே' என்று சொல்லியிருந்தால் எரிகோவில் ஏமாற்றப்பட்ட ஒருவனுக்கும் ஒரு காசும் திரும்பியிராது.

நம் மண்ணுக்கே வருகிறேன். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். தலைமுறை தலைமுறையாக நிலத்தில் உழைத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை. குடிசை நிற்கும் மனையும் அவர்களுடையது இல்லை. தரிசுக்கு மனுப் போட்டால் மிராசுதார்கள் தடுத்தார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் வந்த அரசாணையால் ஒதுக்கப்பட்டவைதான் இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்பவை. அதே காலத்தில் ஸ்காட்லாந்து சுயாதீனத் திருச்சபையின் மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ செங்கல்பட்டில் இருந்தார். இந்த மக்களுக்கு நிலம் வேண்டும் என்று எழுதினார், அதிகாரிகளிடம் மன்றாடினார், தரிசு நிலத்தை வாங்கிக் குடியிருப்புகளை உருவாக்கினார். போதகர் பேசிய மண்டபத்துக்கு அருகிலேயே இருக்கும் மெல்ரோசாபுரம் அப்படி 1890-களில் உருவானது. மிஷனரிகளைக் கோபுரத்தில் ஏற்ற வேண்டியதில்லை. அவர்களிடமும் எஜமானத் தோரணை இருந்தது. ஆனாலும் கிணற்றையும் பட்டாவையும் சுவிசேஷத்துக்கு அந்நியமான காரியம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

ஒதுக்கிய நிலம் உரியவர் கையில் நிற்கவில்லை. அந்த நிலத்தைப் பட்டியல் வகுப்பினர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. ஏமாற்றியும் மிரட்டியும் கடனுக்கு எழுதி வாங்கியும் அது பல ஊர்களில் கைமாறிப் போனது. காரணை பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். ஒருவர் பெயர் ஜான் தாமஸ் என்பதை இந்த மாவட்டத்துக் கிறிஸ்தவர்கள் மறக்கக் கூடாது.

இனிப் போதகரிடம் நேராகவே கேட்கிறேன். உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் விசுவாசி ஒருவர் அப்படிக் கைமாறிய மனை ஒன்றில் வீடு கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பரிசுத்த ஆவியானவர் ஓர் இரவு அவர் மனதை உறுத்துகிறார். காலையில் உங்களிடம் வருகிறார். என்ன சொல்வீர்கள்? அந்த உறுத்தல் சாத்தானுடைய குற்றச்சாட்டு, நீங்கள் ஏற்கெனவே நீதிமான், நிம்மதியாகத் தூங்குங்கள் என்றுதானே உங்கள் உபதேசப்படி சொல்ல முடியும்? மனசாட்சி பேசும்போதெல்லாம் அது பிசாசின் குரல் என்று கற்றுக்கொடுத்தபின், ஆவியானவர் எந்த வழியாய் வந்து அந்த மனிதரிடம் பேசுவார்? பழைய சபைகளின் பாவ அறிக்கை ஜெபத்தைச் சடங்காகச் சொல்பவர்கள் உண்டு, உண்மை. சடங்காக நடந்தாலும் வாரம் ஒருமுறையாவது அந்தக் கேள்விக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. நீங்கள் அதற்கும் தாழ்ப்பாள் போடுகிறீர்கள்.

சாதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் சபைக்குள் சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று கண்டிப்பாக எழுதியபோது, தஞ்சாவூரில் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்து எழுந்தார்கள். கிறிஸ்துவில் நாங்கள் நீதிமான்கள் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சேர்ந்து பந்தியில் உட்காரத்தான் முடியவில்லை. இன்றும் மணமகள் தேவை விளம்பரத்தில் சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயரும் அச்சாகிறது. தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. ஞானஸ்நானம் பெற்றவர்கள், அந்நிய பாஷையில் ஜெபிக்கிறவர்கள், தங்கள் பிள்ளையின் சம்பந்தத்துக்குச் சாதி பார்க்கிறார்கள். விசுவாசிக்கு மனந்திரும்புதல் தேவையில்லை என்றால் தமிழ்ச் சபையின் இந்தப் பாவத்துக்கு விமோசனமே கிடையாது. ஏனென்றால் இது விசுவாசிகள் விசுவாசிகளாக இருந்துகொண்டே செய்கிற பாவம்.

போதகர் கூட்டத்தை முடிக்கும்போது ஜான் நியூட்டனின் புகழ்பெற்ற கிருபைப் பாடலைப் பாடவைத்தார். அதை எழுதியவரின் கதையைப் போதகர் அறிந்திருந்தால் அந்தத் துணிச்சல் வந்திருக்காது. 1748-ல் புயலில் சிக்கிய கப்பலில் நியூட்டன் தேவனை நோக்கிக் கூப்பிட்டார். அந்த நாளையே தன் மனமாற்றத்தின் நாளாகக் கடைசிவரை கொண்டாடினார். அதற்குப் பிறகும் அடிமைக் கப்பல்களில் போனார். 1750 முதல் 1754 வரை மாலுமிகளுக்கு ஜெபம் நடத்திக்கொண்டே, கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்கர்களை விலங்கிட்டு ஏற்றிச் சென்ற கப்பல் தலைவர் அவர். பின்னால் போதகரானார். அந்தப் பாடலை 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதினார். அடிமை வியாபாரத்தில் தனக்கிருந்த பங்கை அறிக்கையிட்டு அதைக் கண்டித்துச் சிறுநூல் வெளியிட்டது 1788-ல்! மனமாற்றத்துக்கும் அந்த அறிக்கைக்கும் இடையில் நாற்பது வருடம். இரட்சிக்கப்பட்ட மனிதன்தான் அந்த நாற்பதாவது வருடத்தில் வெட்கத்தோடு வாயைத் திறந்தான். உங்கள் உபதேசம் அவருக்குக் கிடைத்திருந்தால் அந்த நூல் எழுதப்பட்டிருக்காது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அடிமை வியாபாரத்துக்கு எதிராக நின்றவர்கள் ஒரு பழைய கப்பல் தலைவரின் சாட்சியை இழந்திருப்பார்கள்.

நிலைத்திருப்பது நுகமாம். பவுல் மற்ற அப்போஸ்தலர் எல்லாரையும்விடத் தான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டதாகவும், பிரயாசப்பட்டது தானல்ல, தன்னோடிருந்த கிருபையே என்றும் கொரிந்தியருக்கு எழுதினார். கிருபையும் உழைப்பும் அவருக்குச் சக்களத்திகளாக இருக்கவில்லை. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1955-ல் மத்திய அரசு எடுத்துக்கொண்ட தொழுநோய் மருத்துவமனை, அதற்கு முன்பு லேடி வில்லிங்டன் பெயரில் இயங்கியது. டாக்டர் ராபர்ட் காக்ரேன் போன்ற மிஷன் மருத்துவர்கள் அங்கே பணி செய்தார்கள். சல்போன் மருந்துகள் வருவதற்கு முன்னால் நீரடிமுத்து எண்ணெய் ஊசிதான் வைத்தியம். வலிக்கும், பலன் நிச்சயமில்லை, வருடக்கணக்கில் போட வேண்டும். குணமாகும் என்ற உறுதி இல்லாமலே தினமும் புண்ணைக் கழுவிக் கட்டியவர்களை நியாயப்பிரமாணத்தின் அடிமைகள் என்று அழைக்க உங்களுக்கு நா கூசாதா?

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறுவருடம் மறைமலைநகர் ஆலையில் உற்பத்தி நின்றது. சம்பளம் நின்ற வீடுகளில் விசுவாசிகளின் வீடுகளும் இருந்தன. கிருபையில் இருப்பவனுக்குத் தயவும் உயர்வும் தானாக வரும் என்று கேட்டுப் பழகியவர்கள், தங்கள் விசுவாசத்தில்தான் எங்கோ குறை என்று உள்ளுக்குள் நொறுங்கினார்கள். குற்றவுணர்விலிருந்து விடுதலை தருவதாகச் சொல்லும் உபதேசம், வேலையிழந்தவன் தலையில் புதிதாக ஒரு குற்றவுணர்வைச் சுமத்தியது. அந்த வீடுகளில் கடன் கட்டிக்கொண்டு, கிடைத்த ஒப்பந்த வேலைக்குப் போய்க்கொண்டு, இரவில் பிள்ளைகளை உட்காரவைத்துக் குடும்ப ஜெபம் நடத்தியவர்களுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை. அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நியாயப்பிரமாணம் ஒழிந்தது, ஆகவே பாவ அறிக்கை வேண்டாம் என்று முழங்கிய அதே மேடையில், காணிக்கை நேரத்தில் மல்கியா மூன்றாம் அதிகாரம் திறக்கப்பட்டது. தசமபாகம் கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறான் என்று சொல்லப்பட்டது. தசமபாகம் மட்டும் சிலுவையைத் தாண்டி வந்துவிட்டதா? அயலானிடம் மன்னிப்புக் கேட்பது பழைய உடன்படிக்கை, பையில் போடுவது புதிய உடன்படிக்கை என்று எந்த அப்போஸ்தலன் பிரித்துக் கொடுத்தான்? பதில் சொல்ல வேண்டும்.

பதில் சொல்ல மேடை உங்களிடம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அந்த ஐந்து சபைகளுக்குப் போன கடிதங்களை, ஒரு வசனத்தையும் விடாமல், உங்கள் ஜனங்கள் முன்னால் வாசித்துவிட்டு உங்கள் விளக்கத்தைச் சொல்லுங்கள். கூட்டத்தில் நானும் இருப்பேன்.