கீசகனை ஓடவிடாதீர்கள்

ஊமைப்படம் என்றாலே ஆட்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள், சாவி கொடுத்த பொம்மைபோலக் கையை ஆட்டுவார்கள் என்று நமக்கொரு நினைப்பு. அந்தக் காலத்து நடிப்பே அப்படித்தான் என்பாரும் உண்டு. பாவம், நடிகர்கள் ஒழுங்காகத்தான் நடந்தார்கள். நாம்தான் படத்தை வேகமாக ஓட்டுகிறோம்.

ஆர். நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' 1917-18 வாக்கில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் எடுக்கப்பட்டது. நீளம் 6,000 அடி, எடுத்த வேகம் நொடிக்கு 16 பிரேம். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கும் 16 பிரேம்தான். ஆக நொடிக்கு ஓர் அடி. மொத்தம் 100 நிமிடம். இதையே இன்றைய 24 பிரேம் வேகத்தில் ஓட்டினால் 67 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அரைமணி நேரத்துக்கு மேல் காணாமல் போகிறது. கீசகனும் பீமனும் ஓட்டமாய் ஓடுகிறார்கள்.

24 என்பது பேசும்படத்தோடு வந்த கணக்கு. ஒலி பிசிறாமல் இருக்க ஒரே வேகம் வேண்டியிருந்தது. அதற்குமுன் கேமராவைக் கையால் சுற்றினார்கள்: ஒரு சுற்றுக்கு 8 பிரேம், நொடிக்கு இரண்டு சுற்று. கை சோர்ந்தால் வேகம் குறையும். அதனால் 16-ஐயும் மந்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். 1920-களின் கடைசியில் 20-ஐத் தாண்டிய படங்கள் ஏராளம்.

பின் எப்படித் தீர்மானிப்பது? நடிகரைப் பார்க்காதீர்கள், அவர் வேண்டுமென்றே விரைந்திருக்கலாம். விழும் தண்ணீரை, காற்றில் அசையும் முந்தானையை, குறுக்கே போகும் மாட்டைப் பாருங்கள். மாட்டுக்கு நடிக்கத் தெரியாது. அது இயல்பாக நடக்கிற வேகம்தான் அந்தக் காட்சிக்குரிய வேகம். அடுத்து, எழுத்து அட்டையை ஒருமுறை நிதானமாக வாசித்து முடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

வேகத்தைக் குறைத்தால் திரை மினுக்குமே என்று ஆபரேட்டர்கள் கேட்பார்கள். அதற்கும் அப்போதே வழி கண்டார்கள். ஷட்டரில் மூன்று இதழ் வைத்தால் 16 பிரேமுக்கும் நொடிக்கு 48 முறை ஒளி விழும். பின்னால் வந்த 24-க்கு இரண்டு இதழில் கிடைத்ததும் அதே 48.

யூடியூபில் பழைய படத்தில் ஆட்கள் ஓடினால் வேகத்தை 0.75 என்று வையுங்கள். 24 பிரேம் 18 ஆகிவிடும். 'ராஜா ஹரிச்சந்திரா'வின் எஞ்சிய ரீல்களை அப்படிப் பார்க்கலாம். 'கீசக வத'த்துக்கு அது முடியாது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.