இருமலுக்கு லெவோஃப்ளாக்சசின் எதற்கு?

மருத்துவரின் சீட்டு இன்றியே கடைகளில் கேட்டு வாங்கப்படும் மாத்திரைகளில் சிப்ரோஃப்ளாக்சசினும் லெவோஃப்ளாக்சசினும் உண்டு. இரண்டும் ஃப்ளூரோகுயினலோன் எனும் வகையைச் சேர்ந்தவை. இவ்வகை மருந்துகளை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆகவேதான் அவை சாதாரண சளிக்குச் செலவழிக்கப்படுவதை எதிர்க்கிறேன். சளிக்குக் காரணமான வைரஸை இவை தொடுவதே இல்லை.

இவை செயல்படும் முறை வியப்புக்குரியது. ஈ.கோலி பாக்டீரியாவின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு. அதனுள் சுருண்டிருக்கும் டி.என்.ஏ. இழையை நீட்டினாலோ ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். கிருமி பெருக வேண்டுமெனில் அவ்விழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, மீண்டும் ஒட்ட வேண்டும். டி.என்.ஏ. கைரேஸ் முதலிய நொதிகள் இப்பணியைச் செய்கின்றன. நொதி இழையை வெட்டிய அக்கணத்திலேயே மருந்து அதைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. வெட்டு ஒட்டப்படாமலே எஞ்ச, கிருமி மடிகிறது.

சிறுநீரகத் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலி, எளிதில் அடங்காத சூடோமோனாஸ் ஆகியவற்றுக்கு எதிராக, எதிர்ப்புத்திறன் இல்லாதவரை, இவை நன்கு பயன்படும். நிமோனியாக் கிருமிகள் பலவற்றையும் லெவோஃப்ளாக்சசின் தாக்கும். டைஃபாய்டுக்கோ நம் நாட்டில் சிப்ரோஃப்ளாக்சசினை இனி நம்ப இயலாது. அக்கிருமி பெரும்பாலும் பழகிவிட்டது.

என் கவலை காசநோயைப் பற்றியது. லெவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஒடுக்கும். மற்ற மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு இன்று நாங்கள் நம்பியிருக்கும் மருந்துகளுள் இதுவும் ஒன்று. காசநோய் இருப்பது அறியாமல் ஒருவர் இதை ஒரு வாரம் விழுங்கினால் இருமல் தணியும். சளியில் கிருமி குறைந்து, பரிசோதனையில் தென்படாமலும் போகலாம். நோயோ உள்ளே வளரும், வீட்டாருக்கும் பரவும். எஞ்சிய கிருமிகள் இம்மருந்துக்கே பழகிவிடக்கூடும். 2014 முதல் லெவோஃப்ளாக்சசின் எச்1 அட்டவணையில் உள்ளது. சீட்டின்றி விற்கக் கூடாது என்பதோடு, விற்பனையைத் தனிப் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும். நடைமுறை எப்படி என்பதை நீங்களே அறிவீர்கள்.

மருத்துவர் பரிந்துரைத்து உட்கொள்பவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம், அமில நீக்கி மருந்துகளுடன் சேர்த்து உண்டால் இது உடலில் சேராது. நீரிழிவுக்கு மருந்து எடுப்போருக்குச் சர்க்கரை திடீரெனக் குறையக்கூடும். குதிகால் நரம்பு என நாம் சொல்லும் தசைநாரில் வலி தோன்றினால், குறிப்பாக அறுபதைக் கடந்தவர்களுக்கு, மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே எங்களிடம் தெரிவியுங்கள்.

இருமல் இரண்டு வாரங்களைக் கடந்தால் முதலில் சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். ஏற்கெனவே ஏதேனும் மாத்திரை உட்கொண்டிருந்தால் காலி அட்டையையாவது எடுத்து வாருங்கள். பரிசோதனை முடிவை அதனோடு சேர்த்துத்தான் நாங்கள் படிக்க வேண்டியிருக்கும்.