காயலான் கடைக்குப் போன கதவுகள்

இலக்கியம் பேசுகிற இடத்தில் கார் உதிரிபாகத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பழைய கார் என்பதே பணம் படைத்தோரின் விளையாட்டு, அதன் பாகங்களைத் தேடி அலைவது அந்த விளையாட்டின் மிச்சம் என்பது நம்மிடையே நெடுநாளாக நிலவிவரும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு பிழையானது என்பதையும், அதைச் சொல்லிக்கொண்டே நாம் ஓர் இழப்புக்கு உடந்தையாக இருந்திருக்கிறோம் என்பதையும் சொல்லவே இதை எழுதுகிறோம்.

அணுபுரத்தில் மாலை வேளைகளில் கூடிப் புத்தகம் பேசும் எங்கள் சிறு குழுவில் ஒருவரிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. தந்தை விட்டுச் சென்றது. நான்கு கதவு வண்டி. அதன் இடப்புறப் பின்கதவு அடிப்பகுதியில் துருவேறி உதிர்ந்துவிட்டது. அந்த ஒரு கதவுக்காக அவர் மூன்று ஆண்டுகள் அலைந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களும் உடன் போயிருக்கிறோம். அவர் பணக்காரர் அல்லர். வண்டியை விற்றால் கிடைக்கக்கூடிய தொகையை விடக் கூடுதலாகப் பேருந்துக்கும் தேநீருக்கும் செலவழித்தவர்.

ஏன் அந்தக் கதவு கிடைப்பதில்லை? ஹெரால்டு இங்கிலாந்தில் பிறந்த வண்டி. இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்தது. தனிச் சட்டத்தின் மேல் உடலைத் துண்டு துண்டாகப் போல்ட்டு போட்டு இணைத்திருப்பார்கள். முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் திறந்துகொள்ளும். 1961 முதல் அதைச் சென்னைக்கு அருகே பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. இங்கிலாந்தின் ஹெரால்டு சலூனுக்குக் கடைசி வரை இரண்டு கதவுகள்தாம். பின்னிருக்கைக்குத் தனிக் கதவு வேண்டும் என்று நினைத்து அதைச் செய்தது பெருங்களத்தூர். 1970களில் வந்த கெஸல் வண்டியிலும் அந்த ஏற்பாடு தொடர்ந்தது. ஆக, அந்தப் பின்கதவு உலகில் வேறெங்கும் வார்க்கப்படாத ஒன்று. இன்ஜின் பாகங்களையும் முன்சக்கரப் பாகங்களையும் இங்கிலாந்தின் வணிகர்களிடம் இன்றும் புதிதாக வாங்கலாம். அங்கே கிடைக்காதது, நாம் செய்த அந்தக் கதவும் அதன் கண்ணாடி ஓடும் பள்ளமும்தான். அவற்றைத்தான் நாம் கிலோ கணக்கில் போட்டோம்.

இதற்கு நேர்மாறான கதையும் அதே தொழிற்சாலைக்கு உண்டு. 1985இல் ரோவர் எஸ்டி1 வண்டியின் உடலுக்குள் வான்கார்டு காலத்துப் பழைய இன்ஜினை மாற்றியமைத்து வைத்து, ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் விற்றார்கள். 1988 வாக்கில் உற்பத்தி நின்றது. 2006இல் தொழிற்சாலை ஏலத்துக்கு வந்தது. பயன்படாமல் கிடந்த எஸ்டி1 பாகங்களை வாங்கியவர் யார்? பிரிட்டனைச் சேர்ந்த ஓர் உதிரிபாக வணிகர். நமக்குக் குப்பையாகத் தெரிந்தது அவருக்குச் சரக்காகத் தெரிந்தது, கப்பலேறிப் போயிற்று. அவர் மீது நமக்கு மனத்தாங்கல் இல்லை. அவர் வராதிருந்தால் அதுவும் உருக்கு உலைக்குத்தான் போயிருக்கும்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவின் நூல் சேகரிப்பை அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதை நம் வாசகர்கள் அறிவார்கள். ஆனால் அந்த நூல்கள் இங்கேயே தங்கின. 1994 முதல் சென்னையில் நூலகமாக நிற்கின்றன. இரும்புக்கு அப்படி ஒரு கொடுப்பினை வாய்க்கவில்லை. அச்சிட்ட தாளை அறிவு என்று ஒப்புக்கொள்ளவே நமக்கு இத்தனை காலம் ஆயிற்று. வார்த்தெடுத்த உலோகத்தை அறிவு என்று ஒப்ப இன்னும் மனம் வரவில்லை.

அறிவு என்று நாம் சொல்வது மிகை அல்ல. ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கும். அது ட்ரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் திரும்பும். அதற்குக் கியர் எண்ணெய் ஊற்ற வேண்டும். மற்ற வண்டிகளுக்குப் போலக் கிரீஸ் அடித்தால் அது உள்ளே போய்ச் சேராது. ஈரம் இறங்கி மரை துருப்பிடித்து, ஒருநாள் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். செங்கற்பட்டில் எங்களுக்கு இதைச் சொன்ன மேஸ்திரிக்கு எழுபது வயதுக்கு மேல். அவருடைய பட்டறையில் இதைக் கேட்டுக்கொள்ள ஒரு பையன் கூட இல்லை.

புதுப்பேட்டையில் ஒரு கடையில் கெஸலின் பின்விளக்கு ஒன்றைக் கண்டோம். என்ன வண்டியுடையது என்று கடைக்காரர் கேட்டார், நாங்கள் சொன்னோம். உடனே விலை நான்கு மடங்காயிற்று. சிரித்துக்கொண்டே கொடுத்தோம். அவரைக் குறை சொல்ல மாட்டோம். பெயர் தெரிந்த பிறகு விலை ஏறுவது அந்தப் பொருளுக்குச் செய்யப்பட்ட மரியாதை. பெயர் தெரியாமல் தராசில் ஏறுவதே அவமதிப்பு.

அரசின் நிலைப்பாடு தனி வேடிக்கை. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளை 'விஏ' என்ற எழுத்துகளோடு தனியே பதிவு செய்ய 2021இல் ஒன்றிய அரசு விதி வகுத்தது. வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டுமாம். அதே ஆண்டில்தான் பழைய வண்டிகளை உடைப்பதற்கான கொள்கையும் வந்தது. அசல் பாகம் எங்கிருந்து வரும்? உடைக்கப்படும் வண்டியிலிருந்துதான் வரவேண்டும். ஆனால் உடைக்கும் இடத்தில் பாகத்தின் பெயரைக் குறித்துவைக்க எவரும் இல்லை. 1985இன் ஸ்டாண்டர்டு 2000 இந்த மரியாதைக்குரிய வயதை எட்ட 2035 ஆகும். அதுவரை அது வெறும் பழைய வண்டி.

ஆயினும் நம் முதன்மையான வழக்கு அரசோடும் அல்ல, காயலான் கடைக்காரரோடும் அல்ல. பதுக்கிவைப்போரோடுதான். சென்னைப் புறநகரில் ஒரு சேகரிப்பாளரிடம் ஹெரால்டின் பின்கதவுகள் இரண்டு ஜோடி இருப்பதாக அறிந்து போனோம். விற்க மாட்டேன் என்றார். அது அவர் உரிமை. ஓர் அட்டையை வைத்து விளிம்பை வரைந்துகொள்ளவாவது அனுமதியுங்கள் என்றோம். அதற்கும் மறுத்தார். "எல்லாரும் செஞ்சுக்கிட்டா எங்கிட்ட இருக்கறதுக்கு என்ன சார் மதிப்பு?"

இந்தக் குரல் நமக்குப் பழக்கமானது அல்லவா? 'எழுத்து' இதழ்களைப் பீரோவில் பூட்டிவைத்து, ஒரு பக்கத்தை நகலெடுக்கக் கூடத் தராத இலக்கியப் பெருந்தகைகளை நாம் அறிவோம். பெயர் சொல்லவில்லை. சொன்னால் சிலர் இந்தப் பக்கத்தைப் படிப்பதை நிறுத்திவிடுவார்கள். எடைக்குப் போடுகிறவன் அறியாமல் அழிக்கிறான். பூட்டிவைப்பவனோ ஒவ்வொரு பாகத்தின் அருமையையும் அறிந்தவன், அறிந்தே அதைச் செய்கிறான். இரண்டாமவனை நாம் ரசிகன் என்று அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

நண்பரின் வண்டிக்கு இப்போது கதவு இருக்கிறது. வலப்புறக் கதவைக் கழற்றி அளவெடுத்து, அதைத் தாளில் இடவலமாக மாற்றி வரைந்து, செங்கற்பட்டில் ஒரு டிங்கர் தகட்டைத் தட்டியே அடிப்பகுதியைச் செய்து பற்றவைத்தார். பொருத்தம் அத்தனை துல்லியம் இல்லை, மழையில் கொஞ்சம் நீர் கசிகிறது. அந்த அளவுகளை ஏழு தாள்களில் மில்லிமீட்டர் கணக்கில் குறித்து வைத்திருக்கிறோம். ஹெரால்டு வைத்திருப்பவர் யார் கேட்டாலும் நகல் அனுப்புவோம். மாற்றாகக் கண்ணாடிப் பள்ளத்தின் அளவு யாரிடமாவது இருந்தால் நல்லது, எங்களுடைய பள்ளம் முற்றிலும் அரித்துப்போயிற்று.