‘காட் போயிருச்சு’

எழுத்து மங்கலாகத் தெரியுது என்று ஒரு கொம்பியூட்டரைக் கடைக்குக் கொண்டு போய்ப் பாருங்க. "காட் போயிருச்சு, புதுசு போடணும்" என்பார்கள். கொஞ்சம் இரக்கமான கடையாக இருந்தால், "மொனிட்டர் பழசு தம்பி, இதுக்கு மேல வராது" என்பார்கள். நாமும் தலையாட்டிவிட்டு, காசு இருந்தால் வாங்குகிறோம், இல்லாவிட்டால் மங்கலோடேயே வாழ்கிறோம். இரண்டுமே தப்பு. பழுதென்று சொல்லப்படுவது பல நேரங்களில் பழுதே இல்லை. திரைக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு பேச்சு நடக்காமல் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

எல்கடுவையில் எங்க லயத்தில் ஒரு தங்கச்சி உயர்தரம் படிக்கிறாள். கொழும்பில் கடையில் நிற்கும் அவள் அண்ணன், பாவித்த 22 அங்குல மொனிட்டர் ஒன்றை வாங்கி வந்து கொடுத்தான். 1920க்கு 1080 காட்ட வேண்டிய திரை அது. பொருத்தியதும் 1024க்கு 768தான் வந்தது. செட்டிங்ஸைத் திறந்தால் அதற்கு மேல் எண்ணே இல்லை. டவுனுக்குப் போகும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வளைவு வளைவாக இறங்கி ஒரு கடைக்குப் போனார்கள். தீர்ப்பு வந்தது: கிராஃபிக் காட் போயிருச்சு, 14,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350. அதாவது அவளுடைய அம்மா பத்து நாளுக்கு மேல் கொழுந்து எடுக்க வேண்டும், இல்லாத ஒரு பழுதுக்காக.

பழுது கேபிளில் இருந்தது. அதன் விலை 800 ரூபாய்.

முதலில், மங்கல் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். எல்சிடி திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது. 1920க்கு 1080 என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் நிஜமாகவே இருக்கின்றன. அந்தத் திரைக்கு 1024க்கு 768 அனுப்பினால், குறுக்கே ஒரு புள்ளியை 1.875 புள்ளியாகவும் நெடுக்கே 1.406 புள்ளியாகவும் இழுக்க வேண்டும். முக்கால் புள்ளி என்று ஒன்று திரையில் கிடையாது. அதனால் பக்கத்துப் புள்ளியோடு நிறத்தைக் கலந்து ஒப்பேற்றுகிறது. அந்தக் கலப்புத்தான் நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது. இன்னொன்றும் நடக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் இழுபடாததால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுகிறது. பெயின்டில் ஒரு வட்டம் வரைந்து பாருங்க. முட்டை மாதிரித் தெரிந்தால் உங்க திரைக்குத் தப்பான எண் போய்க்கொண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கடைக்கும் போகத் தேவையில்லை.

படம் பார்க்கிறவருக்கு இது பெரிதாகத் தெரியாது. தமிழ் படிக்கிறவருக்குத் தெரியும். நம்ம எழுத்தில் ஒரு சின்னப் புள்ளி இருக்கா இல்லையா என்பதில் ‘கல்’லும் ‘கல’வும் பிரிகிறது. கொம்பின் மேலே ஒரு சுழி இருக்கா இல்லையா என்பதில் ‘கெடு’வும் ‘கேடு’ம் பிரிகிறது. ஆங்கில எழுத்து மங்கினாலும் ஊகித்துப் படித்துவிடலாம். சின்ன எழுத்தில் தமிழ் மங்கினால் சொல்லே மாறிவிடும். பாடக் குறிப்பை இரவு முழுக்கத் திரையில் படிக்கிற பிள்ளைக்குத் தலைவலி வருது என்றால், "ஃபோனைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு கெட்டுப்போச்சு" என்று திட்டுகிறோம். ஒரு தடவையாவது அந்த எண்ணைப் பார்த்தோமா?

சரி, ஏன் இப்படி ஆகிறது? மொனிட்டருக்கு ஒரு அடையாள அட்டை இருக்கிறது. ‘இடிஐடி’ என்பார்கள். 1994இல் ‘வீசா’ என்ற தரநிர்ணய அமைப்பு கொண்டு வந்தது (நம்ம பாஸ்போட் விசா இல்லை). வெறும் 128 பைட். "நான் இன்ன நிறுவனத்தின் இன்ன மொடல், என் சொந்த அளவு இது, இத்தனை ஹெர்ட்ஸ் தாங்குவேன்" என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். கொம்பியூட்டர் கேட்கும், மொனிட்டர் அந்த அட்டையை நீட்டும். பழைய நீல விஜிஏ கேபிளில் இந்தப் பேச்சுக்கென்றே இரண்டு ஊசிகள் உண்டு: மூன்றாவது வரிசையில் 12ஆவதும் 15ஆவதும். மலிவுக் கேபிள் சிலவற்றில் அந்தக் கம்பிகளே ஓடாது, சிலதில் ஊசி வளைந்து உள்ளே போயிருக்கும். (9ஆவது ஊசி பல கேபிள்களில் இருக்காது. அது குறை இல்லை, அதைக் காட்டி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீங்க.) எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் சின்னக் கட்டைகளிலும் இந்தப் பேச்சு அடிக்கடி அறுந்துபோகும். அட்டை வராத இடத்தில் கொம்பியூட்டர் பயந்துபோய், எந்தத் திரையும் தாங்கக்கூடிய சின்ன எண்ணைக் கொடுக்கிறது. மொனிட்டர் நல்லாத்தான் இருக்கு. காட் நல்லாத்தான் இருக்கு. ஒருவரை ஒருவர் தெரியாது.

ஆகவே காசைக் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ட்ரைவர். வின்டோஸில் டிவைஸ் மனேஜரைத் திறந்து டிஸ்ப்ளே அடப்டர் என்ற இடத்தைப் பாருங்க. அங்கே ‘மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடப்டர்’ என்று இருந்தால் உங்க காட்டுக்குரிய மென்பொருளே ஏறவில்லை. வின்டோஸைப் புதிதாகப் போட்ட பெட்டிகளில் அடிக்கடி பார்க்கலாம். இன்டெல், ஏஎம்டி, என்விடியா எதுவோ, அதற்குரியதை இலவசமாக இறக்கிப் போட்டால் போதும்.

இரண்டாவது, மொனிட்டரையே கேளுங்க. அதன் பட்டனை அமுக்கினால் வரும் மெனுவில் ‘இன்ஃபர்மேஷன்’ என்று ஒன்று இருக்கும். இப்போது எந்த அளவு, எத்தனை ஹெர்ட்ஸ் உள்ளே வருகிறது என்று அதுவே சொல்லும். பின்னால் ஒட்டியிருக்கும் மொடல் எண்ணைத் தேடினால் சொந்த அளவு தெரியும். இரண்டு எண்ணும் ஒன்றா என்று பாருங்க. விஜிஏ என்றால் ‘ஓட்டோ’ பட்டனையும் ஒருமுறை அமுக்குங்க. எண் சரியாக இருந்தும் எழுத்து நடுங்கினால் அதிலேயே சரியாகிவிடும்.

மூன்றாவது, கேபிள். தெரிந்தவர் ஒருவரிடம் வேறு கேபிளை ஒரு மணித்தியாலத்துக்குக் கடன் வாங்குங்க.

இதெல்லாம் செய்தும் எண் வராவிட்டால்தான் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று நிறுவனங்களின் மென்பொருளிலும் ‘கஸ்டம் ரெசொலூஷன்’ என்ற இடம் உண்டு. சில பதிப்புகளில் ஒளித்து வைத்திருப்பார்கள், சிலதில் எடுத்தே விட்டார்கள். பழைய பெட்டியில் லினக்ஸ் போட்டிருந்தால் மூன்று கட்டளைகளில் முடியும்: ஒரு அளவை எழுது, அதை அந்தப் போர்ட்டோடு சேர், அதற்கு மாறு. ஆனால் பெட்டியை மறுபடி போட்டால் மறந்துவிடும் என்பதால், தொடக்கத்தில் ஓடும் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். வேலண்ட் என்ற புது முறையில் ஓடும் லினக்ஸில் இந்த வழி வேலை செய்யாது, பழைய எக்ஸ் முறை இன்னும் இருக்கும் பதிப்பு என்றால் உள்ளே நுழையும்போது அதைத் தெரிவு செய்யலாம்.

இங்கேதான் பயமுறுத்துவார்கள்: "கண்டபடி எண் போட்டால் மொனிட்டர் எரிஞ்சிடும்." பழைய குண்டுத் திரை காலத்தில் அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. எல்சிடி பெரும்பாலும் ‘அவுட் ஒஃப் ரேஞ்ச்’ என்று எழுதிவிட்டுச் சும்மா இருக்கும். வின்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் மாற்றினால், நீங்க ஒன்றும் அமுக்காமல் இருந்தால் 15 விநாடியில் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். திரை கறுத்ததும் பதறிப்போய்க் கீபோட்டைத் தட்டாதீங்க, கையைக் கட்டிக்கொண்டு 15 வரை எண்ணுங்க.

கணக்கும் கஷ்டமில்லை. 1920க்கு 1080 என்றாலும் ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியையும் சேர்த்து 2200க்கு 1125 என்று அனுப்புவதுதான் வழக்கமான அளவு. அதை 60ஆல் பெருக்கினால் விநாடிக்கு 148.5 மில்லியன் புள்ளி. சாதாரண ஒற்றை இணைப்பு டிவிஐ கேபிளின் எல்லை 165 மில்லியன். அதனால் 60 ஹெர்ட்ஸ் தாராளமாகப் போகும். அதையே 75 ஆக்கினால் 185.6 மில்லியன், எல்லையைத் தாண்டிவிட்டது. "என் மொனிட்டரில் 75 வருதில்லை" என்று அழுகிறவர் காட் மாற்றத் தேவையில்லை, இந்த ஒரு பெருக்கலைச் செய்தால் போதும். 18.5 அங்குல மொனிட்டர், 32 அங்குல டீவி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: உங்க திரை 1366க்கு 768, பட்டியலில் வருவது 1360க்கு 768. ஆறு புள்ளி எங்கே போச்சு? அடையாள அட்டையின் ஒரு பகுதியில் அகலத்தை எட்டின் மடங்காக மட்டுமே எழுத முடியும். 1366ஐ எட்டால் வகுத்துப் பாருங்க, மீதி வரும். டீவியில் ஓரம் வெட்டுப்பட்டு டாஸ்க்பார் தெரியாவிட்டால் அதுவும் பழுதில்லை. டீவியின் பட அளவு மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்க்ரீன் ஃபிட்’ என்று எதாவது இருக்கும், அதைப் போடுங்க.

"59 ஹெர்ட்ஸ்தான் காட்டுது, ஒன்று குறையுது" என்று வாங்கிய மொனிட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போன நண்பனும் எனக்கு உண்டு. அது 59.94. அமெரிக்காவில் 1953இல் கலர் டீவிக்கு வழி செய்தபோது 60ஐ 1.001ஆல் வகுத்து வைத்த மிச்சம். நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 1982இல் வந்த ரூபவாஹினியும் 50தான். எங்கேயோ ஒரு நாட்டின் பழைய கணக்குக்காக நல்ல மொனிட்டர் ஒன்று நம்ம ஊரில் ‘பழுது’ ஆகிறது.

இப்போது நம்ம ஆட்களுக்கே ஒரு வார்த்தை. தமிழில் கொம்பியூட்டர் வீடியோ போடுகிறவர்கள் 144, 165, 240 என்று ஏலம் விடுகிறார்கள். பார்த்துவிட்டு நம்ம பொடியன்களும் 60 ஹெர்ட்ஸ் என்று சொல்லவே வெட்கப்படுகிறார்கள். 60 ஹெர்ட்ஸ் மொனிட்டரை எண் எழுதி 72க்குத் தள்ளிவிட்டு ‘ஓவர்குளொக்’ என்று படம் போடுகிறார்கள். விளையாட்டுக்கு அது சுகமாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அதே கஸ்டம் ரெசொலூஷன் பெட்டிதான் ஒரு பிள்ளையின் புள்ளி வைத்த எழுத்தைத் திருப்பிக் கொடுக்கும் என்று எத்தனை வீடியோ சொல்கிறது? தெரிந்த கலையை விளம்பரத்துக்கு வைத்துக்கொண்டு, தேவைப்படும் இடத்தில் வாயை மூடிக்கொள்கிறோம்.

"நெட்டே சரியா இல்லாத லயத்துல ரெசொலூஷன் பேசுறீங்களா? இது வசதியானவன் கவலை" என்று நம்ம கூட்டத்திலேயே கேட்டார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். வசதியானவன் புதுசு வாங்கிவிடுவான், அவனுக்கு இந்த அறிவு தேவையே இல்லை. பாவித்த பெட்டி, பாவித்த திரை, இரவல் கேபிள் என்று மூன்று இடத்திலிருந்து பொறுக்கிச் சேர்க்கிற வீட்டில்தான் ஒன்றுக்கொன்று பேசாது. 2022இல் டொலர் 200இலிருந்து 360க்குப் போன பிறகு நம்மில் பலர் கையில் இருப்பதே அப்படிச் சேர்த்ததுதானே.

"கடைக்காரரும் பிழைக்க வேண்டாமா?" பிழைக்கட்டும். அரை மணித்தியாலம் பார்த்து, கேபிளை மாற்றி, எண்ணைச் சரிசெய்து தந்தால் அந்த வேலைக்கு 1,000 ரூபாய் கேட்கட்டும், நானே கொடுக்கச் சொல்வேன். அறிவுக்குக் கூலி கேட்பதில் வெட்கமில்லை. பார்க்காமலேயே பொருளை விற்பதுதான் வெட்கம். அதில் நம்ம பங்கும் இருக்கு. வேலைக்குக் காசு என்றால் முகம் சுளிக்கிறோம், பெட்டிக்குள் ஒரு பொருள் ஏறினால்தான் காசு கொடுக்க மனசு வருது. அப்புறம் அவர் பொருளை விற்காமல் என்ன செய்வார்?

அந்தத் தங்கச்சிக்குக் கேபிள் வருவதற்கு நான்கு நாள் ஆனது. அதுவரைக்கும் எண்ணைக் கையால் எழுதித்தான் ஓட்டினோம். பெருக்கலை அவளே செய்தாள், கொப்பியில். இப்போது அதே பக்கத்தில் அடுத்த லயத்து வீடுகள் இரண்டின் மொனிட்டர் மொடலும் சொந்த அளவும் எழுதியிருக்கு. கொம்பியூட்டர் இருக்கிற ஒவ்வொரு தோட்டத்திலும் அப்படி ஒரு கொப்பி இருக்கட்டும்: மொடல், சொந்த அளவு, என்ன கேபிள், என்ன ஹெர்ட்ஸ். அடுத்த முறை யாராவது "காட் போயிருச்சு" என்றால், கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, எந்த எண் வருது, எந்த எண் வரணும்?" பதில் சொல்ல முடியாதவரிடம் காசைக் கொடுக்காதீங்க.