நீண்ட வேலைக்கு நீண்ட பணம்

கடன் பத்திரச் சந்தை என்று பேச்செடுத்தால், அது மும்பைக்காரர்கள் சங்கதி என்று நம் உறுப்பினர்கள் துண்டை உதறி எழுந்துவிடுகின்றனர். ஆனால் ரிஷிவந்தியம் பகுதிச் சங்கங்களின் பேரேடுகளைப் புரட்டுகையில் அச்சந்தையின் பாடமே என் கண்ணில் படுகிறது. கிணறு ஆழப்படுத்தவும் தறி வாங்கவும் ஓராண்டுத் தவணையில் நகைக் கடன் பெறுகின்றனர். செலவிட்ட தொகை கிணற்றிலிருந்து மீளப் பல போகங்கள் ஆகும். கடனோ பன்னிரண்டாம் மாதமே வாயிலில் வந்து நிற்கிறது. கைமாற்று வாங்கி நகையை மீட்டு, மறுநாளே அதனை மீண்டும் அடகு வைக்கின்றனர். கைமாற்றுக்கு உண்டான வட்டி எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

கடன் பத்திரம் யாதெனில், பலரிடம் பெற்ற பணத்திற்கு எழுதித் தரும் உறுதி. ஆண்டுதோறும் இவ்வளவு வட்டி, இன்ன நாளில் முதல் என்பது அதன் வாசகம். இடையில் பணம் தேவைப்படுவோர் கடன் வாங்கியவரை நெருக்க இயலாது. பத்திரத்தைப் பிறருக்கு விற்கலாம். அவ்விற்பனைக்குரிய இடமே சந்தை. ஆகவே, வாங்கியவர் இருபது ஆண்டுகள் நிம்மதியாக வேலை செய்யலாம். கொடுத்தவரும் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை. ஆனால் விலை மாறும். பத்தாண்டுகள் எஞ்சியுள்ள 7 சதவீதப் பத்திரம் ஒருவரிடம் இருக்க, புதுப் பத்திரங்கள் 8 சதவீதம் தருமாயின், அவருடைய 100 ரூபாய்ப் பத்திரத்தை ஏறத்தாழ 93 ரூபாய்க்கே கேட்பர். அரசுப் பத்திரத்திற்கும் இவ்விதி உண்டு.

இந்த முறையை நம் முன்னோர் அறியாதவரல்லர். 1929-இல் சென்னையில் மத்திய நில அடமான வங்கி தோன்றியது. டிபென்சர் என்னும் பத்திரங்களை வெளியிட்டுப் பணம் திரட்டி, தொடக்க நில அடமான வங்கிகள் வாயிலாக உழவர்க்கு நீண்டகாலக் கடன் அளித்தது. அப்பத்திரங்களுக்கு மாகாண அரசு ஜாமீன் நின்றது. நீண்ட கடனுக்கு நீண்ட பணமே வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

கிழக்காசியா இதனைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. தாய்லாந்துக் கம்பெனிகள் குறுகியகால டாலர்க் கடனை வாங்கிக் கட்டடங்களில் முடக்கின. 1997 ஜூலை 2 அன்று அந்நாட்டு நாணயமான பாட் கட்டவிழ்ந்தது. டாலருக்குச் சுமார் 25 பாட் என்றிருந்தது, 1998 ஜனவரியில் 50-ஐக் கடந்தது. வருமானம் பாட்டில், கடன் டாலரில். கடன் சுமை இரட்டித்தது. இந்தோனேசியாவும் கொரியாவும் உடன் சரிந்தன. 2003-இல் ஆசியான் நாடுகள் பத்தும் சீனா, ஜப்பான், கொரியா ஆகியவையும் கூடி, சொந்த நாணயத்தில் நீண்டகாலப் பத்திரச் சந்தைகளை வளர்க்கும் முயற்சியைத் தொடங்கின. நம் மாகாணக் கூட்டுறவாளர் 1929-லேயே செய்ததைத்தான் அவர்கள் பெரிய அளவில் செய்தனர் என்பது என் கருத்து, மிகையென்பார் இருக்கலாம்.

1982-இல் அமைந்த நபார்டு வங்கியும் இன்று பத்திரங்கள் வாயிலாகச் சந்தையில் பணம் திரட்டுகிறது. நீண்ட பணம் நாட்டில் இல்லாமலில்லை. நம் உறுப்பினர் அதனைக் கேட்பதில்லை; சில சங்கங்களில் அலுவலரும் சொல்வதில்லை. நகைக் கடனுக்கு ஒரு மணி நேரம் போதும், மத்தியகாலக் கடனுக்கோ நில ஆவணம், மதிப்பீடு என நடை மிகுதி. அலைச்சல் மெய்யே. ஆயினும் கிணற்றுக்கும் தறிக்கும் மனுக் கொடுக்கும்போது, மத்தியகாலக் கடன் எவ்வளவு கிடைக்கும், இல்லையெனில் ஏன் இல்லை என்று செயலாளரிடம் எழுத்தில் விடை பெறுங்கள். மறுப்பு வந்தால் அடுத்த பேரவைக் கூட்டத்தில் அத்தாளைப் படியுங்கள்.